பாசோலினியின் கிறிஸ்து

கிறிஸ்துவின் திவ்ய சரித்திரத்தைத் திரையில் காட்டப் புகுந்தவர்களுள் பலர், ஜனத்திரளையும் அலங்கார மண்டபங்களையும் நிறுத்திப் பக்தியை விலைக்கு வாங்கிவிடலாம் என்று எண்ணியிருக்க, கடவுள் நம்பிக்கையற்றவரும் மார்க்ஸீயவாதியுமான இத்தாலியக் கவிஞர் பியர் பாவ்லோ பாசோலினி 1964-இல் எடுத்த ‘மத்தேயு எழுதிய சுவிசேஷம்’ என்ற கறுப்பு வெள்ளைப் படமோ, அந்த ஆடம்பரம் யாவற்றையும் துறந்து நிற்கிறது. அதை அவர் போப்பாண்டவர் இருபத்துமூன்றாம் ஜானின் நினைவுக்குச் சமர்ப்பணம் செய்தார் என்பது விசித்திரந்தான்!

யேசுவாக வருபவர் தொழில்முறை நடிகரே அல்லர். என்ரிகே இராசோகி என்ற ஸ்பானிய மாணவர். அடர்ந்த புருவமும் கூர்த்த பார்வையுமாக, விரைந்து நடந்துகொண்டே, பின்தொடரும் சீடர்களைத் திரும்பிப் பார்த்து அவர் உபதேசிக்கும்போது, சாந்த ஸ்வரூபமாகவே நாம் சித்திரங்களில் கண்டு பழகிய அம்முகத்தில் தர்மாவேசம் ஜ்வலிக்கிறது. ஜெருசலேமாக நிற்பது தென்னித்தாலியின் மாதேரா என்னும் பழம்பெரும் குகைவீட்டு நகரம். வசனம் மத்தேயுவின் வாக்கியங்களே. இவை யாவற்றினும் என் உள்ளத்தைக் கவர்ந்தது முதிய மரியாளின் பாத்திரம்: சிலுவையின் எதிரே தளர்ந்து விழுந்து கதறும் அந்த மூதாட்டி, பாசோலினியைப் பெற்ற தாயாராகிய சுசன்னாவேதான்; 1945-இல் இளைய மகன் கீதோவை யுத்தகாலத்தில் பறிகொடுத்த அவருக்கு, புத்திர சோகத்தை எவரும் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்திராது.