படுதாவும் இஸ்ராஃபும்

வீண்செலவைக் குறிக்க அரபு மொழியில் இரு சொற்கள் உண்டு. ஆகுமான காரியத்தில் அளவு கடப்பது ‘இஸ்ராஃப்’. தகாத வழியில் பொருளை இறைப்பது ‘தப்தீர்’. மார்க்க அறிஞர் பலர் இவ்வாறு பிரித்துரைப்பர். புதுக்கோட்டைச் சீமையின் ஸ்பெஷல் நாடகத்தை இவற்றுள் முன்னதைக் கொண்டு அளந்து பார்க்க விழைகின்றேன். (நாடகமே ஆகுமானதா என்று வினவும் அன்பர்களுக்குத் தனிக் கட்டுரையில்தான் விடை கூற வேண்டும்.)

பி. யு. சின்னப்பாவைத் தந்த இம்மண்ணில், கோயில் திருவிழாக்களில் இன்றும் ‘வள்ளி திருமணம்’ இரவில் தொடங்கி விடியும்வரை நடக்கிறது. அதற்கென நிலையான குழு இல்லை. ராஜபார்ட் ஓரூர், ஸ்திரீபார்ட் வேறூர், பபூன் மற்றோர் ஊர். நடிகர் சங்கங்களின் வழியே ஓரிரவுக்குக் கூடுவர். ஒத்திகை கிடையாது. அவரவர் உடையும் ஒப்பனையும் அவரவர் பெட்டியில் வரும். வீதி, வனம், தர்பார் என எழுதிய படுதாக்கள் வாடகைக்கு வரும். நேற்று வள்ளி தினைப்புனம் காத்த அதே வனத்தில், இன்று வேறோர் ஊரில், சந்திரமதி மகனைத் தேடி அழுவாள். விடிந்ததும் படுதாவைச் சுருட்டிக்கொண்டால், எறிவதற்கு ஒன்றும் எஞ்சாது.

இது வறுமை தந்த சிக்கனம் மட்டுமன்று. இலக்கியம் தந்த சிக்கனம் என்பேன். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) மரபில் இடத்தைக் கட்டி எழுப்புபவன் தச்சனல்லன். பாட்டே அதனைச் செய்துவிடுகிறது. நாரதரும் வள்ளியும் தர்க்கம் புரிகையில், பின்னாலுள்ள மரத்தின் சாயம் உதிர்ந்திருப்பதை எவர் கவனிக்கிறார்? 13ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் வாழ்ந்த இப்னு தானியால், ஒரு திரை, ஒரு விளக்கு, சில பாவைகள் என்னும் இவ்வளவையே நம்பி நிழற்கூத்து நாடகங்களை எழுதினார். சொல் வலிமையுடையதாயின் மேடைக்குப் பொருள் குறைவாகவே வேண்டும்.

படுதாவும் நம் பழஞ்சொத்தன்று; 19ஆம் நூற்றாண்டில் பார்சிக் கம்பெனிகளின் வழியே பரவியது. கம்பெனிகள் அதனை ஆடம்பரமாக்கின. நவாப் ராஜமாணிக்கம் கம்பெனி (‘இராமதாஸ்’ நாடகத்தில் நவாப் வேடம் தரித்ததால் வந்த பட்டம் அது) தந்திரக் காட்சிகளால் ஊரை மயக்கிற்று. அந்த ஆடம்பரப் பொருளையே ஸ்பெஷல் நாடகம் ஊர்ஊராய்ச் சுற்றும் பொதுப்பொருளாக மாற்றிக்கொண்டது. 2021இல் பிரிட்டனில் வெளிவந்த ‘தியேட்டர் கிரீன் புக்’, மேடைப் பொருளில் பாதியேனும் முன்பே பயன்பட்டதாக இருத்தல் வேண்டும் என்று தொடக்க அளவு வகுத்தது. நம் வனப்படுதா அத்தேர்வில் எளிதாகத் தேறும்!

ஆயினும் முழுப் பாராட்டுக்கு என் பேனா இசையவில்லை. இச்சிக்கனத்தின் சுமை எவர் தோளில் இருக்கிறது? அக்காலக் கம்பெனி வாங்கிக் கொடுத்த பட்டையும் சரிகையையும் இன்று நடிகை தம் ஊதியத்திலிருந்து வாங்குகிறார். கிழிந்தால் தைப்பதும் அவர் பொறுப்பே. கழிவு குறைந்தது கலைஞரின் கைப்பொருள் கரைந்ததால் எனில், அதனை எளிமை என்று நாம் போற்றுவது நேர்மையாகாது.

இஸ்ராஃப் மேடையில் இல்லை. மேடைக்கு வெளியே, நாற்சந்தியில் நிற்கிறது. முன்பு நாடகத்தை அறிவிக்க ஒரு தாள் நோட்டீஸ் போதுமாயிருந்தது. இன்று பிளெக்ஸ் தட்டிகள்! அவற்றில் நன்கொடையாளர் முகம் பெரிது, நடிகர் முகம் சிறிது. விழா முடிந்த மறுநாள் அவை மக்கா நெகிழிக் குப்பை. விழாக் குழுவினர் ஒரு தட்டியைக் குறைத்து, அத்தொகையை ‘உடைச் செலவு’ என்று நடிகர் ஊதியத்துடன் தனியே சேர்த்து எழுதலாமே. கணக்கேட்டில் ஒரு வரிக்கு இடமில்லாமலா போய்விடும்?