பட்டியலுக்குள் அடங்கிய துப்பறிதல்

கம்ப்யூட்டர் ஆட்டங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் அதிகம் கண்டுகொள்ளாத வகை ஒன்று உண்டு. ‘ஹிட்டன் ஆப்ஜெக்ட்’ என்று அழைக்கப்படும் பொருள் தேடும் மர்ம ஆட்டம்தான் அது. திரையில் ஒரு பழைய மாளிகையின் அறை தெரியும். தட்டுமுட்டுச் சாமான்கள் குவிந்து கிடக்கும். கீழே ஒரு பட்டியல்: கத்தரிக்கோல், சாவி, வயலின், ஆந்தை, மெழுகுவத்தி. ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து மவுஸால் தட்ட வேண்டும். பட்டியல் தீர்ந்தால் கதை ஓர் அடி நகரும். அடுத்த அறையின் கதவு திறக்கும். சுடுவதும் ஓடுவதும் இதில் இல்லை.

அமெரிக்காவின் சியாட்டிலில் 2002-இல் தொடங்கிய பிக் ஃபிஷ் கேம்ஸ் நிறுவனம், 2005-இல் வெளியிட்ட ‘மிஸ்டரி கேஸ் ஃபைல்ஸ்: ஹன்ட்ஸ்வில்’ மூலம் இந்த வகையைப் பரவலாக்கியது. பிறகு போலந்து, செர்பியா, ரஷ்யா என்று பல நாடுகளின் கலைக்கூடங்கள் இத்தகைய ஆட்டங்களைச் செய்து குவித்தன. இவற்றை விரும்பி ஆடுகிறவர்களில் பெரும்பாலோர் நடுவயதை எட்டிய, அல்லது கடந்த பெண்கள். விமர்சகர்களின் அலட்சியத்துக்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். அந்த அலட்சியம் நியாயமில்லாதது. அதே சமயம், ரசிகர்கள் இவற்றுக்குச் சூட்டும் ‘துப்பறியும் விளையாட்டு’ என்ற பட்டத்தையும் என்னால் ஏற்க முடியவில்லை. கண்ணுக்கு வேலை கொடுப்பதில் இவை தேர்ந்தவை. துப்பறிவதற்குப் பெரும்பாலும் இடமே கொடுக்காதவை.

முதலில் கண்ணைப் பற்றிப் பேசலாம். இந்த ஆட்டத்தின் உண்மையான கலை அங்கேதான் இருக்கிறது. வேலை தெரிந்த ஓவியர் எந்தப் பொருளையும் இன்னொன்றின் பின்னால் முழுக்க மறைக்க மாட்டார். எல்லாம் கண்ணெதிரே இருக்கும், ஆனாலும் தெரியாது. ஒரு நூலக அறையை எடுத்துக்கொள்வோம். வயலின் அலமாரியின் மேல் சாய்ந்திருக்கிறது. மரத்தின் பழுப்பும் அதன் பழுப்பும் ஒன்று, அதன் இடுப்பு வளைவும் பக்கத்து நாற்காலியின் முதுகு வளைவும் ஒரே கோட்டில் ஓடுகின்றன. கத்தரிக்கோலின் அலகுகள் தொட்டிச்செடியின் இலைகளோடு இலையாகச் சாய்ந்திருக்க, கைப்பிடி வளையங்கள் தொட்டியின் விளிம்பு வேலைப்பாட்டில் கரைந்துவிடுகின்றன. பாம்பு, திரைச்சீலையின் ஒரு மடிப்பாகத் தொங்குகிறது. ஐந்து நிமிடம் தேடிச் சலித்து, தற்செயலாகப் பார்வை தளர்ந்த கணத்தில் அந்த மடிப்பு பாம்பாக மாறும். அப்போது வரும் சின்ன அதிர்ச்சிக்காகத்தான் மனிதர்கள் இதை மணிக்கணக்கில் ஆடுகிறார்கள்.

இந்தச் சூட்சுமத்துக்கு அறிவியல் விளக்கமும் உண்டு. உளவியலாளர்கள் ஆன் ட்ரீஸ்மனும் கேரி ஜெலாடும் 1980-இல் முன்வைத்த கோட்பாட்டின்படி, பச்சைகளுக்கு நடுவே ஒரே ஒரு சிவப்பு இருந்தால் அது தானாகக் கண்ணில் குதிக்கும். சுற்றிலும் எத்தனை பச்சை இருந்தாலும் நேரம் அவ்வளவாகக் கூடாது. ஆனால் நிறமும் வடிவமும் சேர்ந்த ஒன்றைத் தேட வேண்டியிருந்தால், கண் ஒவ்வொன்றாக நின்று பார்த்துத்தான் கடக்க வேண்டும். நல்ல ஆட்ட ஓவியர் முதல் வழியை அடைத்து, நம்மை இரண்டாவது வழியில் நடக்க வைக்கிறார். அளவிலும் ஒரு தந்திரம் இருக்கிறது. சாண்டா பார்பராவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிகெல் எக்ஸ்டீன் குழுவினர் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், குளியலறைப் படத்தில் வழக்கத்துக்கு மீறிப் பெரிதாக வைத்த பல் துலக்கும் பிரஷைப் பலர் காணாமல் விட்டார்கள். ஒரு பொருள் இந்த அளவில்தான் இருக்கும் என்று மூளை முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடுகிறது. அதனால்தான் இந்த ஆட்டங்களில் ஆள் உயரச் சாவி தூணோடு தூணாக நிற்கும். நாம் அதன் மேலேயே பார்வையை ஓட்டிவிட்டு மேசையில் சாவியைத் தேடிக்கொண்டிருப்போம்.

இந்தக் கலை தவறும்போது அது உடனே தெரிந்துவிடும். அவசரத்தில் செய்த காட்சிகளில் பொருள்கள் ஸ்டிக்கர் மாதிரி ஒட்டப்பட்டிருக்கும். பென்சிலைச் சுவரில் பாதி ஒளிபுகும்படி மங்கடித்து வைத்திருப்பார்கள். அது ஒளித்தல் ஆகாது, ஏமாற்று. கல்லறையில் அன்னாசிப்பழம் ஏன் கிடக்கிறது, மருத்துவமனைக் கட்டிலில் சதுரங்கக் குதிரை எப்படி வந்தது என்று யாரும் யோசித்ததாகவே தெரியாது. பொருளுக்கும் இடத்துக்கும் உறவு அறுந்தால் அந்த அறை யாரும் வாழாத கிடங்காகிவிடும். அங்கே தேடுவது கூலி வேலைபோல ஆகிவிடுகிறது.

இந்த வகையின் இன்னொரு பலம், ஆடுகிறவருக்கு அது தரும் மரியாதை. தொடக்க கால ஆட்டங்களில் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். கண்டபடி தட்டினால் நேரம் கழியும். ‘மிஸ்டரி கேஸ் ஃபைல்ஸ்’ வரிசையில் 2008-இல் வந்த ‘ரிட்டர்ன் டு ரேவன்ஹார்ஸ்ட்’ கடிகாரத்தை விட்டொழித்து, அறை அறையாக நடந்து பார்க்கும் சாகசக் கதையாக ஆட்டத்தை மாற்றியது. பின்வந்தவை பெரும்பாலும் அந்த வழியையே பின்பற்றின. எளிது, நடுத்தரம், கடினம் என்று தேர்ந்துகொள்ளலாம். தெரியாவிட்டால் குறிப்பு கேட்கலாம். புதிர்ப்பெட்டி திறக்கவில்லையென்றால் தாண்டிச் செல்லலாம். விரல் வேகம் குறைந்த ஒருவரை, விளையாட்டுப் பழக்கமே இல்லாத ஒருவரை, தோற்கடித்து அவமானப்படுத்தாமல் உள்ளே அழைக்கும் ஆட்டங்கள் அபூர்வம். ஒரே திரையில் இரண்டு பேர் சேர்ந்தும் ஆடலாம். மவுஸ் பாட்டி கையில் இருக்க, நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு பேத்தி “பாட்டி, கடியாரத்துக்குக் கீழ பாருங்க, அங்கதான் இருக்கு” என்று சொல்வதை எங்கள் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். வார இதழ்களின் ‘ஆறு வித்தியாசங்கள்’ பக்கத்தைக் குடும்பமே குனிந்து பார்த்த பழக்கத்தின் தொடர்ச்சியாகத்தான் அது எனக்குத் தோன்றியது. பட்டியல் ஆங்கிலத்தில் இருப்பதும், அதிலுள்ள பண்டங்கள் ஐரோப்பிய வீட்டுக்குரியவையாக இருப்பதும் நம்மவர்களுக்கு ஒரு தடைதான். சொல்லுக்குப் பதில் நிழலுருவம் காட்டும் காட்சிகளில் அந்தத் தடை மறைந்துவிடுகிறது.

இனி துப்பறிதலுக்கு வருகிறேன். என் முதன்மையான புகார் இங்கேதான்.

அகதா கிறிஸ்டியின் நைல் நதிக் கொலை நாவல் 2007-இல் இந்த வகை ஆட்டமாக வந்தது. அந்த நாவலின் உயிர் எதில் இருக்கிறது? யார் எந்த நேரத்தில் எங்கே இருந்தார்கள், யார் சொன்னது எதனோடு முரண்படுகிறது என்று துப்பறிவாளர் ஹெர்க்யூல் பொய்ரோ ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்பதில் இருக்கிறது. ஆட்டத்திலோ பெரும்பகுதி நேரம் கப்பலில் பயணிகளின் அறைகளுக்குள் போய்ப் பட்டியலிலுள்ள பொருள்களைப் பொறுக்குகிறோம். பெயர் பொய்ரோவுடையது, நாம் செய்வது அறையை ஒதுங்கவைக்கும் வேலை. பொய்ரோவிடம் யாரும் பட்டியல் கொடுத்ததில்லை. எது தடயம், எது குப்பை என்று தீர்மானிப்பதுதான் துப்பறிவாளரின் தொழிலே. பட்டியல் அந்தத் தீர்மானத்தை நம்மிடமிருந்து பறித்துவிடுகிறது. எதைப் பார்க்க வேண்டும் என்று முன்பே சொல்லிவிட்ட பிறகு மிச்சம் இருப்பது எங்கே என்ற கேள்வி மட்டும்தான்.

பட்டியல் பார்வையைக் குறுக்கவும் செய்கிறது. 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், நுரையீரல் ஸ்கேன் படங்களில் கட்டிகளைத் தேடும்படி 24 கதிரியக்க மருத்துவர்களிடம் சொன்னார்கள். கடைசிப் படத்தொகுப்பில் ஒரு கொரில்லாவின் உருவத்தைச் செருகியிருந்தார்கள். அவர்கள் தேடிய கட்டியைவிட அது 48 மடங்கு பெரியது. 20 பேர் அதைப் பார்க்கவே இல்லை. வாழ்நாளெல்லாம் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் அவர்கள். ஒன்றைத் தேடும் கண் மற்றதைத் தவறவிடும் என்பது மனித இயல்பு. பொருள் தேடும் ஆட்டம் இந்த இயல்பைத்தான் திரும்பத் திரும்பப் பழக்குகிறது. பத்துப் பொருளைத் தட்டிவிட்டு வெளியே வந்தவரிடம் அந்த அறையில் யாருடைய படம் மாட்டியிருந்தது என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் இருக்காது.

சாகசப் பகுதிகளிலும் இதே நோய்தான். கையில் கோடரி இருக்கும். கயிற்றை வெட்ட முடியாது. எங்கோ ஒரு காட்சிக்குள் இருக்கும் கத்தி கிடைத்தால்தான் கயிறு அறும். ஆடுகிறவரின் யோசனைக்கு மதிப்பில்லை, ஆட்டம் நினைத்து வைத்த ஒரே வழிதான் செல்லும்.

இது இந்த வகையின் தலையெழுத்து என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. லாத்வியாவைச் சேர்ந்த கலர் கிரே கேம்ஸ் 2022-இல் வெளியிட்ட ‘தி கேஸ் ஆஃப் தி கோல்டன் ஐடல்’ ஆட்டத்திலும் உறைந்த ஒரு காட்சியைத் துழாவித் தட்டத்தான் வேண்டும். ஆனால் தட்டும்போது கிடைப்பவை பெயர்களும் சொற்களும். அவற்றைக் கொண்டு யார், யாரை, எதனால், எப்படிக் கொன்றார் என்ற வாக்கியங்களின் வெற்றிடங்களை நாமே நிரப்ப வேண்டும். சட்டைப்பையிலுள்ள கடிதத்தையும் மேசையில் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதையும் இணைத்தால்தான் ஒருவரின் பெயரே தெரியவரும். லூகஸ் போப்பின் ‘ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்’ (2018) கப்பலில் இருந்த 60 பேரின் கதியையும் இப்படி ஊகித்தறியச் சொல்கிறது. தேடலும் சிந்தனையும் ஒரே காட்சிக்குள் சேர்ந்து வாழ முடியும் என்பதற்கு இவையே சான்று. இந்த வகையின் உள்ளேயும் முயற்சிகள் இல்லாமல் இல்லை. 2012-இன் ‘எஸ்கேப் ஃப்ரம் ரேவன்ஹார்ஸ்ட்’ கண்ணெதிரே மெல்ல உருமாறும் பொருள்களுக்குப் பெரிய இடம் கொடுத்தது. எது மாறும் என்று முன்கூட்டித் தெரியாததால் அறையையே கவனிக்க வேண்டியிருந்தது.

கதைகளைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. சாபம் பிடித்த மாளிகை, காணாமல் போன மகள், பழிவாங்கும் ஆவி. 2006-இன் ‘ரேவன்ஹார்ஸ்ட்’ மட்டும் நினைவில் நிற்கிறது. காதலை மறுத்த எம்மா ரேவன்ஹார்ஸ்ட் என்ற பெண்ணைச் சார்ல்ஸ் டாலிமர் எப்படி அடைத்து வதைத்தான் என்பதை, கிழிந்த நாட்குறிப்பின் பக்கங்களைச் சேர்த்துச் சேர்த்து அறிகிறோம். அங்கே தேடலே கதையைச் சொல்கிறது. பின்னால் வந்த பலவற்றில் கதை ஒரு பக்கமும் பட்டியல் இன்னொரு பக்கமுமாகப் பிரிந்து நிற்கின்றன.

என்னை உண்மையிலேயே வருத்துவது பணம் புகுந்த விதம். ஆரம்பத்தில் ஏற்பாடு நேர்மையானது: ஒரு மணி நேரம் இலவசமாக ஆடிப் பார், பிடித்தால் விலை கொடுத்து வாங்கு. பிறகு ‘கலெக்டர்ஸ் எடிஷன்’ வந்தது. கூடுதல் விலை கொடுத்தவருக்கு மட்டும் ஒரு கூடுதல் அத்தியாயம். அதையும் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் 2012-இல் ஃபேஸ்புக்கில் வந்த, பாரிஸ் நிறுவனம் ஒன்றின் ‘கிரிமினல் கேஸ்’ வேறு பாதை போட்டது. ஆடுவது இலவசம். ஒவ்வொரு காட்சிக்கும் ‘எனர்ஜி’ செலவாகும். தீர்ந்தால் காத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் காசு கொடுக்க வேண்டும். பிரேதப் பரிசோதனை முடிவு வரப் பல மணி நேரம் ஆகும். அதையும் காசு கொடுத்து உடனே பெறலாம். பெர்லினின் வூகா நிறுவனம் 2017-இல் கொண்டுவந்த ‘ஜூன்ஸ் ஜர்னி’யில் 1920-களின் காட்சிகள் அழகோ அழகு, ஆனால் அடுத்ததைத் திறக்கத் தேவையான நட்சத்திரங்களுக்காக ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப ஆட வேண்டும். எவ்வளவு வேகமாகத் தட்டுகிறோமோ அவ்வளவு மதிப்பெண். நான்காம் முறை அந்த அறைக்குள் போகும்போது நாம் தேடுவதில்லை. விசிறி எங்கே, தொப்பி எங்கே என்று கைக்குத் தெரியும். பார்த்தலின் இன்பத்துக்காகப் பிறந்த ஆட்டம் பார்க்கவே தேவையில்லாத இடத்துக்கு வந்துவிட்டது. எனர்ஜி தீர்ந்து ஆட்டம் நிற்கும் இடத்தில் விற்பனைச் சாளரம் காத்திருக்கிறது.

பிக் ஃபிஷ் நிறுவனமே கைமாறிய வரலாறும் திசையைக் காட்டுகிறது. கென்டக்கி டெர்பி குதிரைப் பந்தயத்தை நடத்தும் சர்ச்சில் டவுன்ஸ் நிறுவனம் 2014-இல் அதை வாங்கியது. 2018-இல் சூதாட்ட இயந்திரங்கள் செய்யும் ஆஸ்திரேலிய நிறுவனம் அரிஸ்டோக்ரட் சுமார் 99 கோடி டாலருக்கு வாங்கியது. அவர்கள் கண் வைத்தது சூதாட்டச் சாயல் கொண்ட ஆட்டங்களின் வருமானத்தில். ரேவன்ஹார்ஸ்ட் மாளிகையின் மேல் இல்லை.

‘மூளைக்குப் பயிற்சி, ஞாபக மறதி வராது’ என்று சொல்லி இவற்றை முதியவர்களிடம் விற்பதையும் நான் எதிர்க்கிறேன். மூளைப் பயிற்சி ஆட்டங்களை விற்ற ‘லூமோசிட்டி’ நிறுவனம், போதிய ஆதாரமில்லாமல் அப்படி விளம்பரம் செய்ததாக எழுந்த புகாரை முடித்துக்கொள்ள 2016-இல் அமெரிக்க வர்த்தக ஆணையத்துக்கு 20 லட்சம் டாலர் கொடுத்தது. ஓர் ஆட்டத்தில் தேர்ந்தவர் அந்த ஆட்டத்தில் தேர்கிறார். அந்தத் தேர்ச்சி அன்றாட வாழ்வுக்குப் பரவும் என்பதற்கு வலுவான சான்று இல்லை. மனதுக்கு ஓய்வு கிடைக்கிறது என்பதே போதுமான நியாயம். அதற்கு மேல் மருத்துவச் சாயம் எதற்கு?

ஆட விரும்புகிறவர்களுக்கு என் யோசனை இதுதான். இலவசம் என்று அழைப்பவற்றை விட்டுவிட்டு, ஒரே தடவை விலை கொடுத்து வாங்கி முடிக்கக்கூடிய ஆட்டங்களைத் தேர்ந்தெடுங்கள். போலந்தின் ஆர்டிஃபெக்ஸ் முண்டி செய்த ‘எனிக்மாடிஸ்’ வரிசை நல்ல தொடக்கம். துப்பறியும் ஆசை உள்ளவர்கள் நேரே ‘கோல்டன் ஐடல்’ பக்கம் போகலாம். முதல் அரை மணி நேரத்திலேயே ஒன்றைக் கவனியுங்கள்: அறையில் கிடக்கும் பொருள்கள் அந்த அறைக்குரியவையா, கண்டெடுத்தது ஏதேனும் கதையில் பயன்படுகிறதா? இரண்டுக்கும் பதில் ‘இல்லை’ என்றால் நிறுத்திவிடுங்கள். ஸ்டீம் என்ற இணைய ஆட்டக் கடையில் வாங்கியிருந்தால், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடி, வாங்கிய 14 நாளுக்குள் கேட்டால் பணம் திரும்பக் கிடைக்கும்.