எம்டனின் வெள்ளி

எண்ணூர்க் காற்றில் இரும்பைக் காப்பாற்றுவது பெரும்பாடு. கேட்டுக்கு அடித்த பெயின்ட் ஒரு மழைக்காலம் தாங்காது. ஜன்னல் கம்பி பொரிந்து உதிரும். அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு ஜெர்மன் இரும்புச் சிலுவை சேர்க்கிறார் என் நண்பர். ஒவ்வொன்றும் தனி டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இருக்கும். கையைத் துடைத்துக்கொள்ளாமல் தொட விடமாட்டார்.

இந்தப் பதக்கத்தின் அழகே அதன் கஞ்சத்தனம்தான். நெப்போலியனை எதிர்த்துப் போருக்குக் கிளம்பிய பிரஷ்ய மன்னர் மூன்றாம் பிரெடரிக் வில்லியம் 1813-ல் ஏற்படுத்தியது. அவர் போட்டுக்கொடுத்த வரைவை வைத்து வடிவத்தை முடித்தவர் கட்டடக் கலைஞர் ஷிங்கல். தங்கமும் எனாமலுமாக விருதுகள் பிரபுக்களின் மார்பில் மின்னிய காலம் அது. இவர்களோ கறுப்படித்த வார்ப்பிரும்புத் தகட்டைச் சுற்றி மெல்லிய வெள்ளிச் சட்டம் கட்டி, சிப்பாய்க்கும் தளபதிக்கும் அதையே கொடுத்தார்கள். பிறகு 1870, 1914, 1939 என மூன்று முறை புதுப்பித்தார்கள். 1914 சிலுவையின் நடுவில் கெய்சர் வில்ஹெல்மின் முதலெழுத்து, மேலே கிரீடம், கீழே ஆண்டு. திருப்பினால் ஓக் இலைகளும் 1813-ம். ஹிட்லர் காலத்து ஸ்வஸ்திகா வந்த பிறகு அந்த நிதானம் போய்விட்டது. 1939 சிலுவை என்னைக் கவர்ந்ததே இல்லை.

அசலைப் பார்க்க வேண்டிய இடம் முகப்பல்ல, விளிம்பு. வெள்ளிச் சட்டம் முன்பாதி, பின்பாதி என்று இரண்டாகச் செய்து, நடுவே இரும்பை வைத்துப் பற்றவைத்தது. லென்ஸ் வைத்துப் பக்கவாட்டில் பார்த்தால் அந்தப் பற்று மயிரிழையாக ஓடும். சட்டத்தின் உள்விளிம்பில் பொடி மணிவரிசை ஒன்று உண்டு. நல்ல வேலையில் ஒவ்வொரு மணியும் தனியாக நிற்கும். போலியில் மணிகள் ஒன்றோடொன்று இழைந்து கூழாகியிருக்கும், மூலைகள் சரியாகக் கூடாது. காந்தம் ஒட்டினால் நல்ல அறிகுறி. ஆனால் இரும்பில்லாமல் செய்த அசல்களும் உண்டு என்பதால் காந்தத்தை மட்டும் நம்பக்கூடாது. தொங்கும் வளையத்தில் சிலவற்றில் செய்தவரின் பொடி முத்திரை இருக்கும். கடல்காற்று பட்ட சிலுவையில் கறுப்புப் பூச்சுக்கு அடியிலிருந்து துரு சட்டத்தை நோக்கிக் கசிந்திருக்கும். நண்பர் அதைச் சுரண்டுவதில்லை. சுரண்டினால் பூச்சும் போகும், சாட்சியும் போகும்.

இவ்வளவும் தெரிந்தால் அசலா என்று சொல்லிவிடலாம். யாருடையது என்று சொல்ல முடியாது. முதல் உலகப் போரில் சண்டையிட்ட நம் சிப்பாய்க்குப் பிரிட்டிஷார் கொடுத்த பதக்கத்தின் விளிம்பில் அவன் எண்ணும் பெயரும் பொறித்திருக்கும். வாங்கியவனின் பெயரைப் பொறித்துத் தரும் வழக்கம் இரும்புச் சிலுவைக்கு இல்லை. இரண்டாம் வகுப்புச் சிலுவை 1914 போரில் மட்டும் 50 லட்சத்துக்கு மேல் கொடுக்கப்பட்டது. அதில் ஒன்றைக் காட்டி, “சார், இது எம்டன் ஆபீசர் போட்டுக்கிட்டது” என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். மூர் மார்க்கெட் எரிவதற்கு முன் நண்பரின் அப்பாவிடம் அப்படிச் சொல்லித்தான் ஒன்றை விற்றிருக்கிறார்கள்.

வடசென்னையில் அந்தப் பெயருக்கு விலை உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று 100-க்கும் மேற்பட்ட குண்டுகளைப் பொழிந்தது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய் டாங்குகள் பற்றி எரிந்தன. நவம்பர் 9-ல் கோகோஸ் தீவுகளருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி எம்டனை அடித்து நொறுக்கியது. கேப்டன் கார்ல் ஃபான் முல்லர் மால்டாவில் போர்க்கைதியானார். அவருக்கும் மாலுமிகள் பலருக்கும் கெய்சர் இரும்புச் சிலுவை கொடுத்தார்; 1918-ல் முல்லருக்கு மிக உயர்ந்த ‘பூர் லெ மெரிட்’ விருதும் கிடைத்தது. இவையெல்லாம் ஜெர்மன் அரசு கொடுத்தவை. கரைக்கே வராமல் சுட்டுவிட்டுப் போன கப்பலின் பதக்கம் நம் பழஞ்சாமான் கடைக்கு எப்படி வந்தது என்று கேட்டால் விற்பவர், அந்தக் கப்பலில் வந்ததாகச் சொல்லப்படும் செண்பகராமன் பிள்ளையின் கதையைத் தொடங்குவார்.

எம்டனைக் கையில் பிடித்துப் பார்க்க வேண்டுமானால் வேறொரு பதக்கம் இருக்கிறது. அதைச் செய்தவர்கள் எதிரிகள். எம்டன் சீனக் கரையில் சிங்டாவில் நின்ற கப்பல். அந்தக் கரையில் மெக்சிகோ வெள்ளி டாலர்தான் செல்லுபடியான காசு, கப்பல் பெட்டியிலும் அதுவே இருந்தது. உடைந்த கப்பலிலிருந்து 6,000-க்கு மேல் மீட்டார்கள். அதில் 1,000 காசுகளை எடுத்து, சிட்னி நகரத்து நகைக்காரர் கெர், மேலே கிரீடமும் இரு கப்பல்களின் பெயரும் தேதியும் கொண்ட வளைபட்டையும் சேர்த்துப் பதக்கமாக்கினார். சிட்னி கப்பலின் மாலுமிகளுக்குக் கொடுத்தது போக மீதத்தில் பல பொதுமக்களுக்கு விற்பனையாயின. காசு சுமார் 27 கிராம். பாம்பைக் கவ்விய கழுகு ஒரு பக்கம், கதிர் வீசும் தொப்பி மறுபக்கம். கிரீடம் காசோடு சேரும் இடத்தைப் பாருங்கள்: காசு அச்சில் அடித்தது, கிரீடம் தனியாகச் செய்து பற்றவைத்தது. இரண்டும் ஒரே வார்ப்பாகத் தெரிந்தால் போலி.

பார்வைக்கு இது இரும்புச் சிலுவையின் கால்தூசு பெறாது. மெக்சிகோ கழுகின் தலைமேல் பிரிட்டிஷ் கிரீடத்தை உட்கார வைத்திருப்பது கண்ணை உறுத்துகிறது. ஆனாலும் எம்டன் பெட்டியில் கிடந்த வெள்ளி என்று துணிந்து சொல்லலாம்.

வாங்க வசதியில்லாதவர்கள் உயர்நீதிமன்றத்தின் கிழக்கு மதிலில் பதித்திருக்கும் எம்டன் கல்வெட்டைப் போய்ப் பார்க்கலாம், செலவில்லை. சிலுவை வாங்கத்தான் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: விருது வழங்கிய காகிதம் கூடவே வராத ‘எம்டன் சிலுவை’க்குச் சாதாரண சிலுவையின் விலைக்கு மேல் ஒரு ரூபாய்கூடத் தராதீர்கள்.