புங்க இலைக்குள் ஓர் உலை

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைச் சாலையோரப் புங்கமரத்தில் ஓர் இலையைப் பறித்து விரலால் துடைத்தேன். சாம்பல் தூசு விலகி, எண்ணெய் தடவியதுபோல் பச்சை மின்னியது. தூசு வெயிலை மறைக்கும்; ஆனாலும் காற்று வாங்கும் துளைகள் பெரும்பாலும் இலையின் அடிப்பக்கம் இருப்பதால் உணவு ஆக்கும் வேலை நிற்பதில்லை.

பக்கத்து ஆலைகளில் இரும்பை உருக்க 1,500 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். இந்த இலை, நம் உடம்பு தாங்கும் சூட்டிலேயே தண்ணீரைப் பிளக்கிறது! செல்லுக்குள் பசுங்கணிகங்கள், அவற்றுள் காசுகளை அடுக்கிவைத்தாற்போல மெல்லிய தட்டுகள். அங்குள்ள பச்சையம் ஒளியைப் பிடிக்க, தண்ணீர் பிளந்து ஆக்சிஜன் வெளியேறுகிறது. அது கரியமில வாயுவிலிருந்து வருவதல்ல, தண்ணீரிலிருந்தே வருவது என்பதற்கு 1941-ல் சோதனைச் சான்று கிடைத்தது. ஒளி தந்த ஆற்றலைக் கொண்டு, தட்டுகளைச் சூழ்ந்த கூழில் கரியமில வாயு சர்க்கரையாகிறது. அந்த வேலையைத் தொடங்கும் ரூபிஸ்கோ என்ற நொதி நொடிக்குச் சில மூலக்கூறுகளையே கையாளும். அத்தனை நிதானம். அதனால்தான் இலை அதை ஏராளமாகச் செய்து வைத்திருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது வேறு. உச்சி வெயில் கடுமையானால் பசுங்கணிகங்கள் நகர்ந்து செல்லின் பக்கச் சுவர்களை ஒட்டி ஒதுங்கும். அதே நேரத்தில் ஷிப்ட் முடிந்த தொழிலாளிகளும் இந்த மரத்தடியில்தான் ஒதுங்குகிறார்கள்.