கண்டவர் விண்டவை

'கண்டவர் விண்டிலர், விண்டவர் கண்டிலர்' என்று கடவுளைப் பற்றிச் சொல்வார்கள். உலக அதிசயங்களைப் பற்றிய எழுத்துக்கும் இதில் பாதி பொருந்தும். பைசாந்தியத்து ஃபிலோ என்பவர் பெயரில் ஏழு அதிசயங்கள் குறித்து ஒரு சிறு கிரேக்க நூல் இருக்கிறது. அதன் முன்னுரையிலேயே ஆசிரியர் வாசகருக்குப் பெரிய சலுகை தந்துவிடுகிறார்: பாரசீகம் வரை அலைய வேண்டாம், யூப்ரடீஸ் ஆற்றைக் கடக்க வேண்டாம், வீட்டில் உட்கார்ந்து இதைப் படித்தாலே எல்லாம் மனக்கண்ணில் தெரியும் என்கிறார். அறிஞர்கள் பலர் கருதுவதுபோல் இந்நூல் கி.பி. 4-ஆம் நூற்றாண்டையோ அதற்குப் பிந்தைய காலத்தையோ சேர்ந்தது என்றால், ரோட்ஸ் தீவின் வெண்கலச் சிலை விழுந்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. பாபிலோனின் தொங்கு தோட்டம் அங்கேதான் இருந்தது என்பதற்கு இன்றுவரை அகழாய்வில் உறுதியான சான்று கிடைக்கவில்லை. 2007 ஜூலை 7 அன்று லிஸ்பனில் அறிவிக்கப்பட்ட புதிய ஏழு அதிசயங்களின் கதையும் ஏறக்குறைய இதுதான். தொலைபேசியிலும் இணையத்திலும் பத்துக் கோடி வாக்குகள் விழுந்தன என்றார்கள் அமைப்பாளர்கள். வாக்களித்தவர் நேரில் பார்த்திருக்க வேண்டும் என்று விதி ஏதும் இல்லை. இதற்கும் தனக்கும் தொடர்பில்லை என்று யுனெஸ்கோ ஒதுங்கிக்கொண்டது.

ஆகவே பட்டியல்காரர்களை விட்டுவிடலாம். நேரில் போய்ப் பார்த்து எழுதியவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் இங்கே கேள்வி. பல நூற்றாண்டுகளின் குறிப்புகளைச் சேர்த்துப் படிக்கும்போது எனக்குத் தோன்றுவது இது: அதிசயத்தை நேருக்கு நேர் நின்று வருணித்த பக்கங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அதற்குப் பக்கத்தில் நின்ற ஆளையோ, அங்கே கேட்ட பேச்சையோ, ஏறிய களைப்பையோ எழுதிய பக்கங்கள்தான் இன்னும் படிக்கும்படி இருக்கின்றன.

முதல் சான்று ஹெரோடோட்டஸ். கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் எகிப்து போன அவர், பெரிய பிரமிடைக் கட்ட லட்சம் பேர் இருபது ஆண்டுகள் உழைத்தார்கள் என்று எழுதுகிறார். இந்தக் கணக்கை இன்றைய ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. ஆனால் அடுத்து வரும் ஒரு செய்தியை யாரும் மறப்பதில்லை. உழைப்பாளிகளுக்கு முள்ளங்கி, வெங்காயம், பூண்டு வாங்கிய செலவு பிரமிடின் மேல் பொறிக்கப்பட்டிருக்கிறது, அது 1,600 தாலந்து வெள்ளி என்று மொழிபெயர்ப்பாளர் படித்துச் சொன்னாராம். அந்த மொழிபெயர்ப்பாளருக்கு அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான். சுற்றுலா வழிகாட்டிகளின் குலமுதல்வர் அவர் என்று வைத்துக்கொள்ளலாம். இவ்வளவும் எழுதிய ஹெரோடோட்டஸ், பக்கத்திலேயே இருக்கும் ஸ்பிங்க்ஸைப் பற்றி ஒரு சொல்கூட எழுதவில்லை.

எனக்கு அவரைவிடப் பிடித்தவர் பாக்தாத்தைச் சேர்ந்த மருத்துவர் அப்துல் லத்தீப். 1200-ஐ ஒட்டிய ஆண்டுகளில் எகிப்தில் இருந்தார். சலாவுதீனின் மகன் அல் அஸீஸ் உத்மான் 1196-இல் மூன்று பிரமிடுகளில் சிறியதை இடிக்க ஆள் அனுப்பியிருந்தார். எட்டு மாதம் வேலை நடந்தது. ஒரு நாளைக்கு ஒரு கல், மிஞ்சினால் இரண்டு கல் பெயர்ந்தது. கடைசியில் கைவிட்டுப் போனார்கள். வடக்குப் பக்கத்தில் அந்தக் காயம் இன்றும் தெரிகிறது. அப்துல் லத்தீப் வேலையின் மேற்பார்வையாளரிடம் கேட்கிறார்: ஆயிரம் தினார் தந்தால் இதில் ஒரு கல்லைத் திரும்ப அதே இடத்தில் வைப்பீர்களா? அதைப்போலப் பல மடங்கு கொடுத்தாலும் எங்களால் ஆகாது என்று அந்த ஆள் சத்தியம் செய்கிறார். பிரமிடின் பிரம்மாண்டத்தைச் சொல்ல எத்தனையோ பேர் எத்தனையோ உவமைகளைத் தேடியிருக்கிறார்கள். இடிக்கப் போனவர்களின் இந்த ஒப்புதல் வாக்குமூலத்துக்கு அவை எதுவும் ஈடாகவில்லை.

அலெக்சாந்திரியாவின் கலங்கரை விளக்கத்தைப் பார்த்த இப்னு பதூதாவும் இந்த வகைதான். 1326-இல் போனபோது அதன் ஒரு பக்கம் இடிந்திருந்தது. 1349-இல் திரும்பி வந்தபோது உள்ளே நுழையவே முடியவில்லை. இடைப்பட்ட காலத்தில் மதுரை சுல்தானகம் வரை வந்துபோன மனிதர் அவர். ஓர் அதிசயம் சாவதை இரண்டு தேதிகளில் குறித்துவைத்ததோடு நிறுத்திக்கொண்டார். புலம்பவில்லை.

19-ஆம் நூற்றாண்டு வந்ததும் கூட்டமும் வந்துவிட்டது. 1849 டிசம்பரில் பிரெஞ்சு நாவலாசிரியர் ஃப்ளோபேர் பெரிய பிரமிடின் உச்சிக்கு ஏறினார். அங்கே அவருக்காகக் காத்திருந்தது பிரான்சிலிருந்து வந்த ஒரு தரை மெருகிடுபவரின் முகவரி அட்டை. வேடிக்கை காட்டலாமென்று ஊரிலிருந்து ஃப்ளோபேரே கொண்டுவந்ததைத்தான், நண்பர் மாக்சிம் து காம்ப் எடுத்துக்கொண்டு முந்தி ஏறி அங்கே வைத்திருந்தார். அலெக்சாந்திரியாவில் பாம்பேயின் தூணில் சண்டர்லாந்து ஊரைச் சேர்ந்த தாம்சன் என்ற ஆள் தன் பெயரை ஆளுயரத்துக்கு எழுதியிருந்ததைக் கண்டு அவர் எரிந்துவிழுந்ததும் இதே பயணத்தில்தான். 1867-இல் வந்த மார்க் ட்வைனை அரபியர் கையைப் பிடித்து இழுத்தும் பின்னாலிருந்து தள்ளியும் கல்கல்லாக மேலே ஏற்றினார்கள். ஏறும் வழியெல்லாம் பக்‌ஷீஷ் கேட்டார்கள். உச்சியில் ஒருவன், ஒரு டாலர் தந்தால் இறங்கி ஓடி அடுத்த பிரமிடில் ஏறி, ஒன்பது நிமிடத்துக்குள் திரும்பிவருகிறேன் என்று பந்தயம் கட்டினான். கழுத்து முறியட்டும் என்ற நல்லெண்ணத்தோடு ட்வைன் மறுபடி மறுபடி காசு கொடுத்தார். அவன் மறுபடி மறுபடி பத்திரமாக வந்து சேர்ந்தான். ஸ்பிங்க்ஸ் முன்னால் ட்வைன் மனம் உருகி எழுதிய பகுதிதான் அந்தக் காலத்தில் புகழ்பெற்றது. இன்று படித்தால் மேடைப் பேச்சுபோல இருக்கிறது. அதே சிலையின் முகத்தில் சக பயணி ஒருவர் நினைவுப் பொருளுக்காகச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்ததை எழுதிய இடத்தில்தான் எழுத்தாளர் தெரிகிறார்.

இயற்கை அதிசயங்களில் சிக்கல் வேறு. அளவே பிடிபடாது. பக்கத்தில் வைத்துப் பார்க்க வீடோ கோபுரமோ இல்லை. எழும் சாரல் அடியை மறைத்துவிடுகிறது. 1678-இல் நயாகராவைப் பார்த்த பாதிரியார் லூயி ஹென்னப்பான் 1683-இல் வெளியிட்ட நூலில் அதன் உயரம் 500 அடி என்றார். 1697-இல் இன்னொரு நூலில் அருவி வளர்ந்து 600 அடி ஆகிவிட்டது. உண்மை உயரம் சுமார் 170 அடி. 1750-இல் அங்கு போன தாவரவியலாளர் பேர் கால்ம், அளந்தவர்களிடம் கேட்டு எழுதினார். கனடாவில் ஹென்னப்பானைப் பெரும் பொய்யர் என்றே சொல்கிறார்கள் என்பதையும் சேர்த்தே எழுதினார். 1855 நவம்பரில் சாம்பசி ஆற்றின் அருவிக்கு வந்த லிவிங்ஸ்டனோ நேரெதிர். ஊர்க்காரர்கள் ஓடத்தில் கூட்டிப்போய் அருவியின் விளிம்பிலிருந்த தீவில் இறக்கிவிட்டார்கள். எட்டிப் பார்த்தவர் உயரம் 100 அடி என்று மதிப்பிட்டார். 1860-இல் திரும்ப வந்து, கயிற்றில் துப்பாக்கிக் குண்டுகளையும் வெள்ளைத் துணியையும் கட்டி இறக்கியபோதுதான் 310 அடி என்று தெரிந்தது. ஒருவர் மூன்று மடங்கு கூட்டினார், இன்னொருவர் மூன்றில் ஒன்றாகக் குறைத்தார். தேவதூதர்களை இழுத்து லிவிங்ஸ்டன் எழுதிய வாக்கியம் இன்று விளம்பரப் பலகைகளில் இருக்கிறது. எனக்கு அதைவிட முக்கியம், தீவில் அவர் பீச், ஆப்ரிகாட் கொட்டைகளை நட்டதும், மரத்தில் தன் பெயரெழுத்துகளைச் செதுக்கியதும். வாழ்க்கையில் இந்த வீண்பெருமைக்கு இடம்கொடுத்தது இந்த ஒருமுறைதான் என்று கூச்சத்தோடு எழுதுகிறார். சண்டர்லாந்து தாம்சனுக்கும் அவருக்கும் தூரம் அதிகமில்லை.

நயாகராவைப் பற்றி இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். 1950-இல் அமெரிக்காவும் கனடாவும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, சுற்றுலாக் காலத்தின் பகல் நேரத்தில் நொடிக்கு ஒரு லட்சம் கன அடி நீராவது அருவியில் விழ வேண்டும். இரவிலும் குளிர்காலத்திலும் அதில் பாதி போதும், மீதி மின்சாரத்துக்கு. பார்வையாளர் வருகைக்கேற்ப வால்வு திறக்கும் அருவி அது. இயற்கையின் கட்டுக்கடங்காத சக்தி என்று இன்றும் எழுதிக்கொண்டிருப்பவர்கள் இந்த ஒப்பந்தத்தை ஒருமுறை படிப்பது நல்லது.

ஏமாற்றத்தை எழுதுவது தனி மரபு. புதுமண அமெரிக்கப் பெண்ணின் முதல் ஏமாற்றங்களில் நயாகராவும் ஒன்று என்று ஆஸ்கர் வைல்டு கேலி செய்தார். அல்டஸ் ஹக்ஸ்லி 1926-இல் தாஜ்மகாலைப் பிடிக்கவில்லை என்று எழுதி, மினார்களை ஒரு பிடி பிடித்தார். ஹக்ஸ்லியிடம் அபிப்பிராயம் இருக்கிறது, தாஜ்மகால் இல்லை. இதைச் சரியாகச் சொன்னவர் மறுபடியும் ட்வைன்தான். 1896-இல் ஆக்ராவுக்கு வந்த அவர், தான் வருவதற்கு முன்பே படித்த வருணனைகளெல்லாம் சேர்ந்து மனதுக்குள் இதைவிடப் பெரிய தாஜ்மகாலைக் கட்டிவிட்டன என்கிறார். முதன்முதலில் நயாகரா போனபோது வானத்திலிருந்து ஒரு கடலே விழும் என்று அண்ணாந்து நடந்தாராம். பலமுறை போன பிறகே உள்ளே இருந்த அருவி வெளியே இருந்த அருவியின் அளவுக்கு இறங்கிவந்தது. நம் தலைமுறைக்கு வருணனைகூடத் தேவைப்படவில்லை. 1998-இல் 'ஜீன்ஸ்' படத்தின் ஒரே பாட்டில் தாஜ்மகால், பிரமிடு, சீனப் பெருஞ்சுவர், ஈபிள் கோபுரம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டோம்.

தமிழில் நிலைமை என்ன? கோயம்புத்தூர் சே.ப. நரசிம்மலு நாயுடு 1889-இல் வடநாட்டு யாத்திரை நூல் வெளியிட்டதிலிருந்து நமக்குப் பயண எழுத்து உண்டு. பத்திரிகைத் தொடர்களாகவும் மலையளவு குவிந்திருக்கிறது. பெரும்பாலானவற்றில் இரண்டு பழக்கங்கள் அலுப்பூட்டுகின்றன. கையேட்டிலிருந்து உயரம், நீளம், கட்டிய ஆண்டை இறக்கிவைப்பது ஒன்று. எதைப் பார்த்தாலும் உடனே தஞ்சைப் பெரிய கோயிலை நினைத்துப் பெருமூச்சு விடுவது மற்றொன்று. இந்த இரண்டிலும் சிக்காதவர் ஏ.கே. செட்டியார். ஜப்பானிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை படித்தவர். காந்தி ஆவணப்படத்துக்காகக் கண்டம் கண்டமாக அலைந்தவர். 1940-இல் 'உலகம் சுற்றும் தமிழன்' நூலைத் தந்தவர். காமிராக்காரர் என்பதாலோ என்னவோ, இயற்கைக் காட்சிகளைச் சொற்களால் தீட்ட அவர் மெனக்கெடவே இல்லை. சின்னச் சின்ன வாக்கியங்களில் மனிதர்களை எழுதினார், தன்னைக் கூடியவரை மறைத்துக்கொண்டார். பிரசித்தி பெற்ற இடத்தைவிட அங்கே கூட வந்தவன் சொன்ன பேச்சு அவருக்குப் பெரிது. 1968-இல் மற்றவர்களின் பழைய பயணக் கட்டுரைகளைத் தேடிப்பிடித்துத் தமிழ்நாட்டைப் பற்றி ஒரு பெரிய தொகுப்பும் கொண்டுவந்தார்.

அதேபோல உலக அதிசயங்களைப் பற்றித் தமிழில் வந்தவற்றை யாராவது சலித்துத் தொகுக்கலாம். தொகுப்பவரிடம் ஒரு விண்ணப்பம். ஆக்ராவில் 1992-இல் இளவரசி டயானா தனியாக உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்ட சலவைக்கல் பெஞ்சு இருக்கிறது. அதில் உட்கார்ந்து படமெடுக்க இன்றும் வரிசை நிற்கிறது. தாஜ்மகாலுக்கு முதுகைக் காட்டி நிற்கும் அந்த வரிசையைப் பற்றி எங்கேயாவது ஒரு கட்டுரை கிடைத்தால், பளிங்கு வருணனைகளில் பத்தை எடுத்துவிட்டு அதைச் சேர்த்துவிடுங்கள்.