வென்றவன் கதையும் வெளியே நின்றவர் கதையும்

மலையகக் கல்வியைப் பொருளாகக் கொண்டு எழும் சிறுகதைகளில் ஒரு வாய்பாடு நிலைத்துவிட்டது. லயத்து அறையிலே குப்பி விளக்கின் ஒளியிற் படிக்கும் சிறுவன். கொழுந்துக் கூடை சுமந்து தேயும் தாய். ஊக்கமூட்டும் ஓர் ஆசிரியர். ஈற்றிலே பல்கலைக்கழக அனுமதிக் கடிதம். வாசகர் கண்கலங்குகின்றனர், கதையும் முடிகின்றது. இக்கதைகளை எழுதுவோரின் நல்லெண்ணத்தை நாம் ஐயுறவில்லை. ஆனால், அச்சிறுவனோடு ஒரே வாங்கில் இருந்த ஏனையோர் எங்கே போயினர் என்ற வினாவை இவை எழுப்புவதில்லை. ஒருவன் வென்றமையைக் காட்டி, மற்றையோர் முயலவில்லை என்ற முடிவுக்கு வாசகரை இட்டுச்செல்கின்றன. இது யதார்த்தமாகாது.

யதார்த்தம் வரலாற்றில் உள்ளது. 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தபோது, தோட்டப் பாடசாலைகள் அதற்குப் புறம்பாகவே நின்றன. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அப்பிள்ளைகளின் பெற்றோரிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. வாக்கற்றவரின் பிள்ளைகளுக்காகப் பள்ளி கேட்பார் யார்? அப்பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது 1970களிலேதான்.

இன்று கோட்டா உண்டே என்பர் சிலர். உண்மை. விஞ்ஞானம், வணிகம் முதலிய துறைகளில் 40 வீத இடங்கள் நாடளாவிய தகுதிக்கும், 55 வீதம் சனத்தொகைப்படி மாவட்டங்களுக்கும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என வகுக்கப்பட்டுள்ளன. நுவரெலியாவும் பதுளையும் பின்தங்கிய மாவட்டங்களே. ஆயின், மாவட்டம் என்பது வர்க்கமன்று. நகரத்துப் பெரிய பாடசாலையிற் கற்று, மாலையில் தனியார் வகுப்புக்குச் செல்லும் மாணவனும், தோட்டத்து மாணவியும் அக்கணக்கில் ஒரே நிரையில் நிற்கின்றனர்.

அந்நிரைக்கு அவள் வந்துசேர்வதே அரிது. தோட்டப் பாடசாலைகளிற் பல 11ஆம் தரத்துடன் முடிந்துவிடுகின்றன. உயர்தர விஞ்ஞானம் கற்பிக்கும் 1ஏபி பாடசாலைக்குச் செல்வதாயின் நெடுந்தூரம் பஸ் ஏறவேண்டும். கட்டணம் நாட்கூலியிலிருந்து வரவேண்டும். எனவே அண்மையிலுள்ள பாடசாலையிற் கலைப்பிரிவில் அமர்கிறாள். கலைப்பிரிவுக்கோ அனுமதி பெரும்பாலும் நாடளாவிய தகுதியின்படியே நடைபெறுகின்றது. பின்தங்கியவருக்கென வகுத்த கோட்டா, பின்தங்கியவள் சென்றடையும் துறையில் அவளுக்கு உதவுவதில்லை! அவள் கலைப்பிரிவை 'விரும்பித் தெரிவுசெய்தாள்' எனப் பதிவேடு கூறும். ஆசிரியராகிய நாம் அத்தகைய பதிவேடுகளில் ஒப்பமிட்டிருக்கின்றோம். அவ்வொப்பத்திற்கு நாமும் பொறுப்பாளிகளே.

பல்கலைக்கழக வாயிலில் இடம் ஒதுக்குவது வேண்டியதே. அவ்வாயிலுக்கு வழி அமைப்பது அதனினும் முந்தியது. ஆறாம் தரத்திலிருந்தே கணித, விஞ்ஞான ஆசிரியர்கள், தோட்டங்களுக்கு அண்மையில் ஆய்வுகூடமுள்ள உயர்தர வகுப்புகள், விடுதியும் பயணச் செலவும் ஆகிய இவை கருணையன்று, கடன். தேயிலையால் இந்நாடு ஈட்டிய செல்வத்தில் அம்மக்களுக்குரிய பங்கு இது.

எழுத்தாளருக்கும் இதிற் பணியுண்டு. வென்றவன் கதை போதிய அளவு எழுதப்பட்டுவிட்டது. அவ்வாங்கில் இருந்த ஏனையோரின் கதையை இனி எழுதுவோமாக.