சாவி கேட்காத முகவரிப் புத்தகம்

இஷொய் நகரின் ஆர்கென் கலை அருங்காட்சியகத்துக்கு முகவரி: ஸ்கௌவை 100, அஞ்சல் எண் 2635. நம் காந்தி ரோடு மாதிரி, ஸ்கௌவை என்ற தெரு டென்மார்க்கில் பல ஊர்களில் உண்டு. இணையப் படிவத்தில் தெருப் பெயரை மட்டும் தட்டினால் எந்த ஊர் என்று யார் கண்டது?

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க எழுதப்பட்டதுதான் ‘டாவா ஆட்டோகம்ப்ளீட் 2’ என்ற சிறிய ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி. எந்தப் பெட்டியில் தட்டுவார்கள், தேர்ந்தெடுத்ததும் எந்த ஃபங்ஷன் ஓடவேண்டும் என்ற இரண்டைச் சொன்னால் போதும். முதலில் தெரு, பிறகு வீட்டு எண், பிறகு மாடி, கடைசியில் இடப்பக்கக் கதவா வலப்பக்கக் கதவா என்பதுவரை அது இறங்கிப்போகும்.

லைப்ரரி இவ்வளவு மெலிந்திருப்பதற்குக் காரணம், பாரம் முழுவதையும் டென்மார்க் அரசின் முகவரிச் சேவையான டாவாவின் சர்வர் சுமப்பதுதான். தேடல், எழுத்துப்பிழை பொறுத்தல் எல்லாம் அங்கேயே நடக்கின்றன. கணக்கு வேண்டாம், சாவி வேண்டாம். கேட்டால் ஜேசன் வடிவில் பதில் வரும். டென்மார்க் 2002இலேயே முகவரித் தரவுக்குக் காசு வாங்குவதை நிறுத்தியது. 2005 முதல் 2009 வரை அதனால் கிடைத்த பலன் சுமார் 6.2 கோடி யூரோ, செலவோ ஏறத்தாழ 20 லட்சம் யூரோ என்று 2010இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. தாராளத்தில் லாபம் பார்த்த அரசுகள் அபூர்வம்.

குறைகளும் உண்டு. பயனர் தட்டத் தட்ட, பாதி முகவரி வெளி சர்வருக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. படிவத்தை அனுப்பாமல் அவர் மனம் மாறினாலும் போனது போனதுதான். இன்னொன்று, லைப்ரரியைவிட அதைப் பயன்படுத்துவோரின் குற்றம். ஒவ்வொரு முகவரிக்கும் நிலையான அடையாள எண் பதிலோடு வருகிறது. அதை விட்டுவிட்டு எழுத்துத் தொடரை மட்டும் சேமித்தால், தெருவின் பெயர் மாறிய நாளே பதிவு பழசாகிவிடும்.

பெரிய பலவீனம் இப்போதுதான் தெரிகிறது. டாவாவை 2026இல் மூடப்போவதாக அரசு அறிவித்தது. மாற்றாகக் காட்டப்படும் ஜீசர்ச் சேவை டோக்கன் கேட்கிறது, அதாவது சாவி கேட்கிறது. பிரவுசரில் ஓடும் நிரலில் டோக்கனை வைத்தால் பக்கத்தைத் திறக்கும் எவரும் அதை எடுத்துக்கொள்ளலாம். சர்வர் முகவரியை மாற்ற லைப்ரரியில் வசதி இருக்கிறது. ஆனால் புதிய சர்வர் பழைய வடிவத்திலேயே பதில் சொன்னால்தான் அது உதவும். தேடலைத் தங்கள் சொந்த சர்வர் வழியாக அனுப்பியவர்கள் ஒரே இடத்தில் திருத்துவார்கள். பக்கத்துக்குப் பக்கம் நேரடியாக ஒட்டியவர்களுக்கு ஒவ்வொரு படிவத்தையும் தேடிப்பிடிக்கும் வேலை காத்திருக்கிறது.